நூற்றுப் பன்னிரண்டு எபிசோடுகளும் ஒரு சாவு வீடும்

கேள்வி: எங்கள் நூலக வாசகர் வட்டம் மாதம் ஒரு சிற்றிதழ் கொண்டுவருகிறது. ஜெராக்ஸ் பிரதிதான், அறுபது எழுபது பேர் படிப்பார்கள். பாதிப் பேர் பணி ஓய்வு பெற்றவர்கள், மீதி கல்லூரி மாணவர்கள். அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன், பார்த்தவர்கள் என்று எண்ணினால் நான்கு பேர் தேறமாட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த 'யூ யூ ஹக்குஷோ' என்ற பழைய ஜப்பானியத் தொடரை அவர்களுக்கு அறிமுகம் செய்து எட்டுப் பக்கம் எழுதினேன். ஒருங்கிணைப்பாளர், "தம்பி, ஒன்றும் புரியவில்லை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கட்டுரையை இணைத்திருக்கிறேன். கலைச்சொற்களை எப்படி விளக்குவது? கதையை எவ்வளவு சொல்லலாம்? குறைகளைச் சொன்னால் புதியவர்கள் பயந்து ஓடிவிட மாட்டார்களா?
(வாசகர், திருச்சி)

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

எட்டுப் பக்கத்தையும் இரண்டு முறை படித்தேன். உங்கள் ஒருங்கிணைப்பாளர் சொன்னது சரி. அந்தத் தொடர்மீது உங்களுக்கு இருக்கும் பிரியம் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது; தொடர்தான் தெரியவில்லை. முதல் பக்கத்தில் 1963 தொடங்கி ஜப்பானியத் தொலைக்காட்சி அனிமேஷனின் வரலாறு. இரண்டாம் பக்கத்தில் ஷோனென், செய்னென், ஷோஜோ என்று வாசகரின் வயதையும் பாலையும் வைத்து வகைபிரித்து ஒரு பாடம். மூன்றாம் பக்கத்தின் நடுவில் ஒருவழியாகக் கதாநாயகன் வருகிறான். வந்த வாக்கியத்திலேயே காரில் அடிபட்டுச் செத்தும் போகிறான். பாவம், அவனுக்கு நீங்கள் அரை வரிதான் கொடுத்திருக்கிறீர்கள்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக விமர்சனக் கட்டுரைகளைத் திருத்துகிறேன். புதியவர்களுக்காக எழுதுகிறோம் என்றவுடன் எல்லோரும் கையில் சாக்பீஸை எடுத்துக்கொள்கிறார்கள். புதியவருக்கு வேண்டியது பாடம் அல்ல. அவர் தொடரைப் பார்க்க உட்கார்ந்து, எந்த நிமிடத்தில் "எனக்கு இது ஒத்துவராது" என்று எழுந்து போவாரோ, அந்த நிமிடம் உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் அந்த இடத்தில் போய் நின்றுகொள்ள வேண்டும். மற்ற இடங்களில் அவர் தானே நடந்துகொள்வார்.

உங்கள் கடிதம் வந்த வாரம் இதைச் சோதித்தே பார்த்தேன். என் அக்கா வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அனிமே என்றால் குழந்தைகள் சமாச்சாரம் என்று நினைப்பவர். அவரை உட்காரவைத்து முதல் எபிசோடைப் போட்டேன். நான் திரையைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று முறை எழப் பார்த்தார். முதல் தடவை, படத்தின் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை தெரிந்தபோது: "டிவி கெட்டுவிட்டதா?" அடுத்து, பள்ளிக்கூட மாடியில் கதாநாயகன் யூசுக்கே தன் தோழியின் பாவாடையைத் தூக்கியபோது. அப்போது ஒன்றும் சொல்லவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கடைசியாக, நீல முடியும் ரோஜா நிறக் கிமோனோவுமாக ஒரு பெண் படகுத் துடுப்பின்மேல் உட்கார்ந்து பறந்துவந்து, "நான்தான் உன்னை மறுஉலகத்துக்குக் கூட்டிப்போகிறவள்" என்று உற்சாகமாகச் சொன்னபோது. மூன்று முறையும் உட்கார்ந்துவிட்டார். பிறகு சாவு வீடு வந்தது. அதற்கப்புறம் அந்த எபிசோடு முடியும்வரை அவர் நகரவே இல்லை.

அந்தச் சாவு வீடுதான் உங்கள் கட்டுரையின் முதல் பத்தியாக இருந்திருக்க வேண்டும். எட்டுப் பக்கத்தில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. நானாக இருந்தால் ஏறத்தாழ இப்படித் தொடங்கியிருப்பேன்:

'பதினான்கு வயது யூசுக்கே உரமேஷி பள்ளியின் பெரிய அடாவடிக்காரன். வகுப்புக்கு மட்டம் போடுவான், அடிதடி செய்வான். ஒருநாள் தெருவில் பந்து விளையாடிக்கொண்டிருந்த ஒரு சிறுவனுக்கு முகத்தைக் கோணலாக்கிக் காட்டிச் சிரிக்கவைக்கிறான். சற்று நேரத்தில் அந்தச் சிறுவன் காருக்குக் குறுக்கே ஓட, இவன் பாய்ந்து தள்ளிவிட்டுத் தான் அடிபட்டுச் சாகிறான். அன்று இரவு தன் வீட்டுக்கு மேலே ஆவியாக மிதந்தபடி, தன் துக்கத்துக்கு யார் யார் வருகிறார்கள் என்று பார்க்கிறான். தோழி கெய்க்கோ அழுகிறாள். இவனிடம் எப்போதும் உதைவாங்கும் குவாபாரா, படத்துக்கு முன்னால் நின்று, இனி நான் யாரோடு சண்டை போடுவேன் என்று கத்துகிறான். நண்பர்கள் பிடித்து இழுக்கிறார்கள். ஆசிரியர்கள் இருவர், இவன் செத்ததால் பள்ளிக்கு நல்ல பெயர் என்று முணுமுணுக்கிறார்கள். வீட்டுக்குள் சுவரோரம் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். காப்பாற்றப்பட்ட சிறுவன் தன் தாயோடு நன்றி சொல்ல வருகிறான். அவனுக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை. இதற்கு முன்பே துடுப்புக்காரி யூசுக்கேயிடம் ஒன்றைச் சொல்லியிருக்கிறாள்: நீ பாயாமல் இருந்திருந்தாலும் அந்தப் பையன் பிழைத்திருப்பான்.'

பாருங்கள், இதில் ஷோனென் இல்லை, அனிமே என்ற சொல்கூட இல்லை. ஆனால் இதைப் படித்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்கும் கல்லூரி மாணவருக்கும் ஒரே கேள்விதான் வரும்: அப்புறம்? அந்த 'அப்புறம்' வந்தபிறகு கறுப்புப் பட்டையையும் நீல முடியையும் பற்றி நீங்கள் சொல்வதைப் பொறுமையாகக் கேட்பார்கள்.

இனிக் கலைச்சொற்கள். உங்கள் கட்டுரையில் இருபத்தொன்று எண்ணினேன். அவற்றில் தேவை இரண்டு: அனிமே, மங்கா. இரண்டையும் விளக்க ஒரு வரி போதும்: யோஷிஹிரோ டொகாஷி என்பவர் ஷோனென் ஜம்ப் என்ற வார இதழில் 1990 முதல் 1994 வரை வரைந்த படக்கதை இது, அதுதான் மங்கா, அதை ஸ்டூடியோ பியரோ நிறுவனம் நொரியுக்கி ஆபேயின் இயக்கத்தில் 112 எபிசோடுகளாக எடுக்க, 1992 அக்டோபர் முதல் 1995 ஜனவரி வரை ஃபூஜி தொலைக்காட்சியில் வந்தது, அதுதான் அனிமே. மற்ற பத்தொன்பதையும் அடித்துவிடுங்கள். விருது வாங்கியதை மூன்று இடத்தில் சொல்லியிருக்கிறீர்கள், மூன்றிலும் தவறு. ஷோகாக்குகான் விருது கிடைத்தது மங்காவுக்கு, தொடருக்கு அல்ல.

ஆனால் நீங்கள் விளக்காமல் தாண்டிப்போன ஒரு சொல் இருக்கிறது. அது தலைப்பு. ஜப்பானிய அரசுத் துறைகள் ஆண்டுதோறும் வெளியிடும் வெள்ளை அறிக்கைக்குத்தான் 'ஹக்குஷோ' என்று பெயர். அதற்கு முன்னால் ஆவி, விளையாட்டு என்று பொருள்படும் இரண்டு எழுத்துகள். ஆவிகளின் ஆட்டம் பற்றிய வெள்ளை அறிக்கை! சட்டமன்றச் செய்திகளைப் படித்துப் பழகிய உங்கள் மூத்த வாசகர்களுக்கு இந்த நக்கல் ஒரு நொடியில் பிடிபடும். கதாநாயகனின் குடும்பப் பெயரும் அப்படித்தான். ஜப்பானியக் கதைகளில் பேய்கள் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு 'உரமேஷியா' என்று முனகும். வஞ்சம் தீரவில்லையே என்ற புலம்பல் அது. பையனுக்கு உரமேஷி என்று பெயர் வைத்தபோதே அவன் ஆவியாகப் போகிறான் என்று டொகாஷி கண்ணடித்துவிட்டார்.

அடுத்து, கோயென்மா. இவரிடம் நீங்கள் நின்றே ஆக வேண்டும், ஏனென்றால் என் அக்கா நான்காவது முறையாக எழப் பார்த்தது இரண்டாம் எபிசோடில் இவர் வந்தபோதுதான். மறுஉலகத்தின் பெரிய அலுவலகம். கொம்பு முளைத்த பூதங்கள் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகின்றன. உள்ளே பெரிய மேசைக்குப் பின்னால், வாயில் ரப்பர் சூப்பானோடு ஒரு குழந்தை உட்கார்ந்து ரப்பர் ஸ்டாம்ப் குத்திக்கொண்டிருக்கிறது. இதுதான் மரணத்தின் அதிபதியா என்று புதியவர் முகம் சுளிப்பார். இங்கே தமிழ் வாசகருக்கு ஒரு சாவி இருக்கிறது, நீங்கள் அதை எடுக்கவே இல்லை. ஜப்பானியரின் என்மா நம்முடைய எமன்தான். யமன் பௌத்தத்தோடு சீனாவுக்குப் போய், அங்கிருந்து ஜப்பானுக்குப் போனபோது பெயர் என்மா ஆயிற்று. 'கோ' என்றால் சின்ன. ஆக, கோயென்மா என்றால் குட்டி எமன், எமனின் மகன். செத்தவர்கள் கடக்கும் சன்சு ஆறு என்றால் வைதரணி ஞாபகம் வரும். கணக்கில்லாத சாவு ஒன்று வந்துவிட்டதே, இந்தப் பையனை எந்தப் பேரேட்டில் பதிவது என்று அலுவலகம் விழிக்கிறது. சித்ரகுப்தன் கணக்கில் பிசகிய கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். 'எமன் வீட்டுக் குட்டி அதிகாரி' என்று நான் சொன்னதும் அக்கா மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

ஒரு எச்சரிக்கை: இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 'எல்லாம் நம்மிடமிருந்து போனதுதான்' என்று ஒரு பத்தி எழுதும் ஆசை வரும். எழுதினால் கட்டுரை அங்கேயே படுத்துவிடும். இந்தத் தொடரின் மறுஉலகம் தொண்ணூறுகளின் ஜப்பானிய அலுவலகத்தைப் பார்த்து வரைந்த கேலிச் சித்திரம். அதை அவர்களிடமே விடுங்கள்.

படத்தின் பழமை பற்றி 'பழைய அனிமேஷன் என்பதால் மன்னிக்கவும்' என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்? செல்லுலாய்டு தாளில் கையால் வண்ணம் தீட்டி, ஒவ்வொன்றாக ஃபிலிம் கேமராவில் படம்பிடித்த தொடர் இது. அதனால்தான் வானத்திலும் சுவரிலும் மெல்லிய தூசும் நடுக்கமும் தெரிகின்றன. வாரத்துக்கு ஒரு எபிசோடு தந்தாக வேண்டிய நெருக்கடியில், சண்டைக் காட்சிகளில் ஒரே ஓவியத்தை அசையாமல் நிறுத்திப் பின்னணிக் கோடுகளை மட்டும் ஓடவிடுவார்கள். புதியவருக்கு அது கஞ்சத்தனமாகத் தெரியும். கஞ்சத்தனம்தான். ஆனால் அந்த நிறுத்தத்தில் ஒரு முகத்தை நீண்ட நேரம் பார்க்கக் கிடைக்கிறது, இந்தத் தொடரின் முகங்கள் அந்தப் பார்வைக்குத் தாங்குகின்றன. இதை இரண்டு வரியில் சொல்லுங்கள். கூடவே, இரு பக்கமும் கறுப்புப் பட்டை இருப்பது அந்தக் காலத் தொலைக்காட்சிப் பெட்டியின் அகலத்துக்கு எடுத்ததால், திரையை நிரப்ப இழுத்துப் பெரிதாக்கினால் எல்லோரும் குண்டாகிவிடுவார்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

உங்கள் இரண்டாவது கேள்வி, கதையை எவ்வளவு சொல்லலாம் என்பது. 112 எபிசோடு என்ற எண்ணே புதியவரைப் பயமுறுத்தும். ஒன்று 23 நிமிடம் என்று வைத்தாலும் நாற்பது மணி நேரத்துக்கு மேல். ஆகவே எங்கே இறங்கிக்கொள்ளலாம் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். கதை நான்கு பெரும் பகுதிகளாகப் போகிறது. முதல் 25 எபிசோடுகளில் யூசுக்கே உயிர்பெற்று, மறுஉலகத்தின் துப்பறிவாளனாகி, ஒவ்வொரு வழக்காக முடிக்கிறான். 26 முதல் 66 வரை ஒரு தீவில் மனிதர்களும் அரக்கர்களும் மோதும் இருட்டுப் போட்டி. 67 முதல் 94 வரை முன்னாள் துப்பறிவாளன் ஒருவனின் வன்மம். மீதிப் பதினெட்டு, அரக்க உலகத்தின் அரசியல். அறிமுகக் கட்டுரைக்கு முதல் இருபத்தைந்தே தாராளம். அவற்றைப் பார்க்கப் பத்து மணி நேரம்கூட ஆகாது. அதற்குள் இந்தத் தொடர் தனக்கு வேண்டுமா வேண்டாமா என்று எவருக்கும் தெரிந்துவிடும்.

முதல் ஐந்து எபிசோடுகள் மென்மையான ஆவிக் கதைகள், அதன்பிறகுதான் சண்டைத் தொடராக மாறுகிறது என்பதையும் நீங்கள் சொல்லவில்லை. இதைச் சொல்லாவிட்டால் இரண்டு விதமான வாசகர்களும் ஏமாறுவார்கள். அழவைக்கும் என்று வந்தவர் ஏழாம் எபிசோடில் முழிப்பார்; அடிதடிக்கு வந்தவர் மூன்றாம் எபிசோடிலேயே போய்விடுவார்.

இரண்டும் ஒன்றாகச் சேரும் இடம் ஒன்று உண்டு. கட்டுரையில் சண்டை பற்றி ஒரே ஒரு காட்சி எழுத இடம் இருந்தால் அதை எழுதுங்கள். வேடிக்கை என்னவென்றால் அதில் சண்டையே இல்லை. மறுஉலகக் கருவூலத்திலிருந்து மூன்று பொருள்களைத் திருடியவர்களில் ஒருவன் குராமா. நரி ஆவி, மனிதப் பையனின் உடலில் பிறந்து வளர்கிறான். அவன் திருடியது, முழுநிலவு நாளில் கேட்ட வரத்தைத் தந்து பதிலுக்கு ஓர் உயிரை எடுத்துக்கொள்ளும் கண்ணாடி. அவனை வளர்த்த மனிதத் தாய் மருத்துவமனையில் சாகக் கிடக்கிறாள். சிறு வயதில் உடைந்த சில்லுகள்மேல் அவன் விழவிருந்தபோது தன் கைகளைக் கொடுத்துக் காத்தவள். அந்தத் தழும்புகள் இன்னும் அவள் கைகளில் இருக்கின்றன. மொட்டைமாடியில் அவன் தன் உயிரைக் கொடுக்கப் போகும் நேரத்தில், அவனைப் பிடிக்க வந்த யூசுக்கே, என் உயிரை எடுத்துக்கொள் என்று குறுக்கே கையை நீட்டுகிறான். ஏன் என்று முதல் எபிசோடைப் பார்த்தவருக்கு விளக்க வேண்டியதில்லை: மகனைப் பறிகொடுத்த தாய் எப்படி உட்கார்ந்திருப்பாள் என்று மேலே மிதந்தபடி பார்த்தவன் அவன். கண்ணாடி என்ன செய்தது என்பதை எழுதாதீர்கள்.

அளவு இதுதான். ஒரு முடிச்சை முழுதாகக் காட்டலாம், அவிழ்வதைக் காட்டக் கூடாது. உங்கள் ஆறாம் பக்கத்தில் இருட்டுப் போட்டியில் யார் சாகிறார் என்று சாதாரணமாக எழுதிவிட்டீர்கள். முப்பது ஆண்டுப் பழைய தொடர்தானே என்பீர்கள். உங்கள் வாசகருக்கு அது நாளைக்குத்தான் நடக்கப்போகிறது. அதற்குப் பதில், கெங்காய் என்ற கிழவியும் டொகுரோ என்ற மலைபோன்ற எதிரியும் ஒருகாலத்தில் ஒரே அணியில் நின்றவர்கள், ஒருவர் மூப்பை ஏற்றுக்கொண்டார், மற்றவர் மூப்புக்குப் பயந்து அரக்கனானார் என்று மட்டும் சொல்லுங்கள். உங்கள் வட்டத்தின் மூத்தவர்கள் இந்த ஒரு வரிக்காகவே 66 எபிசோடும் பார்ப்பார்கள். இளைஞர்களுக்கு வேண்டுமானால், யூசுக்கேயின் ஆயுதம் சுட்டுவிரல்தான், தொடக்கத்தில் ஒரு நாளைக்கு ஒரே ஒரு முறைதான் சுட முடியும் என்று சொல்லுங்கள். தீப்பெட்டியில் ஒரே குச்சியோடு காட்டுக்குள் போனவனின் நிலை.

மூன்றாவது கேள்வி, குறைகளைச் சொல்லலாமா. சொல்லாவிட்டால்தான் ஓடுவார்கள். பாவாடைச் சமாச்சாரத்தை நீங்கள் மறைத்தாலும் முதல் எபிசோடு மறைக்காது. அதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. பனிமகள் யுக்கினாவை மீட்கப் போகும் கதையில், திருநங்கையான ஓர் அரக்கியை யூசுக்கே கைவைத்துச் சோதிப்பதும், பிறகு பேசும் பேச்சும், இன்றைக்குப் பார்க்கக் கூசுகிறது. காலம் அப்படி என்று ஒரு சால்வை போர்த்திவிடாதீர்கள்; இந்த இடம் கெட்டது என்று நேராக எழுதுங்கள். இருட்டுப் போட்டியில் சில சுற்றுகள் ஜவ்வாக இழுக்கின்றன. மூன்றாம் பகுதியில் மனிதக் கொடுமைகளைப் பதிவுசெய்த வீடியோ கேசட் ஒன்று வருகிறது. அது சிறுவர்களுக்கானது அல்ல, பேரனோடு பார்க்க நினைக்கும் தாத்தாக்களை எச்சரியுங்கள். கடைசிப் பதினெட்டு எபிசோடுகளில் அவசரம் தெரிகிறது. வாரா வாரம் வரைந்து களைத்துப்போன டொகாஷி மங்காவையே சட்டென்று முடித்தார். அந்தக் களைப்பு தொடரிலும் இறங்கியிருக்கிறது. எனக்கு என்னவோ அந்தக் களைப்பு பிடிக்கிறது. ஆனால் அது என் கிறுக்கு. அறிமுகக் கட்டுரையில் அதற்கு இடமில்லை.

ஒருமுறை நானும் நீங்கள் செய்ததைச் செய்தேன். பிடித்த படம் ஒன்றின் நடுப்பகுதி தூங்கி வழிந்ததை மறைத்து எழுதினேன். படித்துவிட்டுப் படம் பார்க்கப் போன ஒரு வாசகர் அஞ்சலட்டையில் ஒரே வரி அனுப்பினார்: 'இரண்டாம் பாதியில் நீங்கள் எங்கே போயிருந்தீர்கள்?' அந்த அட்டையை இன்னும் வைத்திருக்கிறேன்.

சில்லறை விஷயங்கள். 2023 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸில் நடிகர்களை வைத்து ஐந்தே எபிசோடில் எடுத்த வடிவம் வந்தது. மாணவர்களில் யாராவது அதைப் பார்த்திருப்பார்கள். டொகுரோ வரைக்குமான கதையை அது ஐந்து எபிசோடுக்குள் அமுக்கிவிட்டது, நான் சொன்ன ஆவிக் கதைகளுக்கு அதில் மூச்சுவிட இடமில்லை என்று ஒரு வரி போடுங்கள். மொழி பற்றிக் கேட்பார்கள்: சப்டைட்டில் படிக்கக் கண் ஒத்துழைத்தால் ஜப்பானியக் குரலிலேயே பார்க்கச் சொல்லுங்கள். குராமாவுக்குக் குரல் கொடுத்தவர் மெகுமி ஒகாட்டா என்ற பெண். அந்தக் குரலில் இருக்கும் அமைதி பாதிப் பாத்திரத்தைச் செய்துவிடுகிறது. கண் ஒத்துழைக்காதவர்கள் ஆங்கில டப்பிங்கில் பார்க்கட்டும், குடிமுழுகாது.

'காலத்தை வென்ற காவியம்' என்று முடித்திருக்கிறீர்கள். அதை எடுத்துவிட்டு, 'முதல் எபிசோடை மட்டும் பாருங்கள், சாவு வீடு முடிந்தபிறகு எழுந்து போக முடிந்தால் போய்விடுங்கள்' என்று எழுதினால் போதும். மொத்தம் இரண்டு பக்கம். அதற்கு மேல் ஒருங்கிணைப்பாளர் போட்டாலும் நீங்கள் கொடுக்காதீர்கள்.

திருத்திய படியை அனுப்பிவைத்தால் பார்க்கிறேன். அஞ்சலில் அனுப்பும்போது உறையை ஒட்டி அனுப்புங்கள். அக்கா இப்போது முப்பத்தோராம் எபிசோடில் இருக்கிறார். உங்கள் ஆறாம் பக்கத்தை அவர் கண்ணில் படாமல் ஒளித்துவைக்க நான் பட்ட பாடு போதும்.